ட்ரிவியா அறையில் ஆடும் முறையும் நடந்துகொள்ளும் முறையும்

கேட்கப்பட்ட கேள்வி இது: "ஐஆர்சியில் ஒரு ட்ரிவியா (வினா-விடை விளையாட்டு) சேனலிலும் டெலிகிராமில் ஒரு பொது அறிவு குரூப்பிலும் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். தெரிந்த பதிலைக்கூட வேறு யாராவது முந்திச் சொல்லிவிடுகிறார்கள். சரி, வேகமாக நாலைந்து பதில் அடித்துப் பார்க்கலாம் என்றால் அட்மின் எச்சரிக்கிறார். இங்கே எல்லாரும் தெரிந்து வைத்திருக்கும் விதிகள் என்ன? புள்ளி எடுக்க வழி உண்டா?"

இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன். இந்த அறைகளின் மரியாதை விதிகளில் பாதிக்கு மேல் கருவி வேலை செய்யும் விதத்திலிருந்து வந்தவை. கேள்வி கேட்கும் பாட் (தானாக இயங்கும் நிரல்) என்ன செய்கிறது, நடுவில் இருக்கும் சர்வர் என்ன செய்கிறது என்று தெரிந்துவிட்டால், எது நாகரிகம் என்பதும் எது புத்திசாலித்தனம் என்பதும் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கும்.

ஐஆர்சி என்பது எழுத்தால் அரட்டை அடிக்கும் பழைய இணைய முறை, 1988-ல் பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்கரினென் எழுதியது. ட்ரிவியா சேனல்கள் அதில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அங்கே கேள்வி கேட்கும் பாட் கையில் இருப்பது பெரும்பாலும் ஒரு சாதாரண டெக்ஸ்ட் கோப்பு. வரிக்கு ஒரு கேள்வி, நடுவில் ஒரு நட்சத்திரக்குறியோ செங்குத்துக் கோடோ, அப்புறம் பதில். கேள்வியை அறையில் போட்டுவிட்டு, வருகிற ஒவ்வொரு வரியையும் அந்தப் பதிலோடு ஒப்பிட்டுப் பார்க்கும். முதலில் பொருந்துகிற வரிக்குப் புள்ளி. அதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது.

இப்போது அந்த எச்சரிக்கைக்கு வருவோம். "சி.வி. ராமன் நோபல் பரிசு பெற்ற ஆண்டு?" என்று கேள்வி விழுகிறது. ஒருவர் 1926, 1927, 1928, 1929 என்று அடித்துக்கொண்டே போகிறார். 1930 வந்ததும் புள்ளி அவருக்கு. அதே நேரத்தில் இன்னொருவர், ராமன் விளைவு கண்டுபிடிக்கப்பட்டது 1928 பிப்ரவரி 28, அதனால்தான் அன்றைக்கு தேசிய அறிவியல் தினம், பரிசு வந்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து என்று கணக்குப் போட்டு 1930 என்று அடிக்கப் போயிருப்பார். அந்த மனக்கணக்குதான் இந்த விளையாட்டின் சுகமே. எண்களை வரிசையாகக் கொட்டுகிறவர் அதை அவரிடமிருந்து பறித்துவிடுகிறார். கேள்வியையும் திரைக்கு மேலே தள்ளிவிடுகிறார், கைபேசியில் பார்க்கிறவருக்குக் கேள்வியே கண்ணில் படாமல் போகும்.

நியாயத்தை விடுங்கள், அப்படிக் கொட்டுவது லாபமும் இல்லை. ஐஆர்சியின் நெறிமுறையை 1993-ல் பதிவுசெய்த ஆர்எஃப்சி 1459 ஆவணத்திலேயே இதற்கு ஒரு கடிவாளம் இருக்கிறது. நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு வரிக்கும் சர்வர் 2 வினாடியை உங்கள் கணக்கில் ஏற்றும். அந்தக் கணக்கு இப்போதைய நேரத்தைவிட 10 வினாடி முன்னே போய்விட்டால், அடுத்த வரி காத்திருக்க வேண்டியதுதான். அதாவது ஒரே மூச்சில் 5 வரி போகும், ஆறாவது தேங்கும், அதன்பின் 2 வினாடிக்கு ஒன்றாகத்தான் நகரும். சரியான பதில் உங்கள் ஏழாவது வரியில் இருந்தால், அது சர்வரில் தேங்கி நிற்கும்போதே, ஒரே ஒரு வரி அடித்தவர் புள்ளியை வாங்கிக்கொண்டு போய்விடுவார். இன்றைய சர்வர்கள் இந்த அளவுகளைத் தங்கள் வசதிப்படி கூட்டிக் குறைத்து வைத்திருக்கும். ஆனால் எல்லாவற்றிலும் ஏதோ ஒரு தடை இருக்கும், ரொம்ப மீறினால் இணைப்பையே துண்டிக்கும். டெலிகிராமிலும் ஸ்லோ மோட் என்று ஒன்று உண்டு. அட்மின் அதைப் போட்டுவிட்டால், ஒரு செய்திக்கும் அடுத்ததற்கும் நடுவில் சில வினாடியிலிருந்து ஒரு மணி நேரம் வரை நீங்கள் காத்திருக்க வேண்டும். ஒருவர் செய்ததற்கு மொத்தக் குரூப்பும் காத்திருக்கும்.

நான் புதியவர்களுக்குச் சொல்வது, பாட் அவ்வப்போது தரும் ஒவ்வொரு ஹின்ட்டுக்கும் (துப்பு) ஒரு பதில். யோசித்து ஒன்று அடியுங்கள். தவறு என்றால் அடுத்த ஹின்ட் வரட்டும். சில அறைகளில் இரண்டு மூன்று வரை பொறுத்துக்கொள்வார்கள், அதை அங்கே கொஞ்ச நேரம் சும்மா இருந்து பார்த்தாலே தெரிந்துவிடும். எந்த அறையிலும் முதல் அரை மணி நேரம் பார்வையாளராக இருப்பது நல்லது. ஸ்கோர் காட்டும் கட்டளை எது, கேள்வியைத் தாண்டச் சொல்லும் கட்டளையை யார் போடலாம், நடுவில் அரட்டை அடிக்கலாமா, இதெல்லாம் கேட்காமலே விளங்கிவிடும்.

அடுத்தது, அறைகளில் நான் பார்க்கிற சண்டைகளில் பெரும்பகுதிக்குக் காரணமான விஷயம். "நான்தான் முதலில் அடித்தேன், என் திரையில் தெளிவாகத் தெரிகிறது, ஆனால் பாட் வேறு ஒருவருக்குப் புள்ளி கொடுத்துவிட்டது." இதில் யாரும் பொய் சொல்லவில்லை. ஐஆர்சியில் நீங்கள் என்டர் தட்டியதுமே, உங்கள் வரியை உங்கள் மென்பொருள் உங்கள் திரையில் உடனே காட்டிவிடுகிறது. அது சர்வருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதில்லை. மற்றவர்களின் வரியோ சர்வருக்குப் போய், அங்கிருந்து உங்களுக்கு வந்த பிறகுதான் தெரியும். அதனால் ஒவ்வொருவர் திரையிலும் அவரவரே கொஞ்சம் முன்னால் நிற்பார். இது போதாது என்று, பெரிய நெட்வொர்க்குகளில் பல சர்வர்கள் ஒன்றோடொன்று இணைந்திருக்கும். நீங்கள் ஒரு சர்வரில், பாட் இன்னொரு சர்வரில். அதன் சர்வருக்கு எந்த வரி முதலில் வந்து சேர்ந்ததோ அதுதான் அதைப் பொறுத்தவரை முதல். உங்கள் ஸ்கிரீன்ஷாட் அங்கே சாட்சி ஆகாது. லேக் (தாமதம்) அதிகமாக இருக்கிறது என்று தோன்றினால் பிங் அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். முடிந்தால் பாட் இருக்கும் சர்வரிலேயே இணையுங்கள், பல அறைகளின் அறிவிப்பு வரியில் அது எந்த சர்வர் என்று எழுதியிருப்பார்கள். இது முழுக்க நியாயமான வழி, யாரும் குறை சொல்ல மாட்டார்கள். புள்ளி போனதற்காக ஜெயித்தவரிடம் எகிறுவதை மட்டும் செய்யாதீர்கள், அவர் திரையில் அவர்தான் முதலில்.

தமிழில் ஆடும் அறைகளுக்கென்று தனியாக ஒரு தலைவலி இருக்கிறது. "பாண்டியர் காலத்தில் முத்துக்குப் பேர்போன துறைமுகம்?" என்ற கேள்விக்குக் கொற்கை என்று அடிக்கிறீர்கள். சரியான பதில், ஆனால் பாட் வாயைத் திறக்காது. காரணம், எழுத்துகளுக்கு எண் குறியீடு தரும் யூனிகோட் முறையில் 'கொ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்துக்குப் பின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகப் போடலாம், அல்லது ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகப் போடலாம். திரையில் இரண்டும் ஒரே மாதிரி. யூனிகோட் விதிப்படி இரண்டும் சமம்தான். ஆனால் அப்படிச் சமமாக்கிப் பார்க்கும்படி எழுதப்படாத பாட் இரண்டையும் வெவ்வேறு சொல்லாகத்தான் எடுத்துக்கொள்ளும். ஔவையாரை 'ஒ' போட்டுப் பக்கத்தில் 'ள' போட்டு அடிக்கிற பழக்கம் இன்னும் மோசம். அது கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றாகத் தெரிந்தாலும், யூனிகோட் கணக்கில் சமம்கூட இல்லை. 'ஸ்ரீ'யும் அப்படித்தான், எந்த மெய்யிலிருந்து தொடங்குகிறது என்பதில் இரண்டு வகை உண்டு, இரண்டும் பெரும்பாலான எழுத்துருக்களில் ஒரே உருவம்தான். சரியான பதிலை பாட் ஏற்கவில்லை என்றால், அறையில் பத்து தடவை அதையே போடாமல், வேறு கீபோர்டில் ஒரு தடவை அடித்துப் பாருங்கள். அதிலும் ஏற்கவில்லை என்றால், நீங்கள் அடித்த சொல்லை அப்படியே காப்பி செய்து அறையை நடத்தும் ஆபரேட்டருக்குத் தனியாக அனுப்புங்கள். திரும்ப டைப் செய்து அனுப்பினால் பிரயோஜனம் இல்லை, பிழை அதில் மறைந்துவிடலாம்.

ஹின்ட்டிலும் இதே கதை. எழுத்துக்கு ஒரு நட்சத்திரம் என்று போடும் பாட் தமிழ் எழுத்தை எண்ணுவதில்லை, யூனிகோட் குறியீட்டை எண்ணுகிறது. கம்பர் என்பது நமக்கு நாலு எழுத்து. அதற்கு ஆறு, ஏனென்றால் மெய்யின் மேல் வரும் இரண்டு புள்ளிகளும் தனிக்கணக்கு. திரையில் ஆறு நட்சத்திரம் பார்த்துவிட்டு ஆறு எழுத்துப் பெயரைத் தேடி அலைகிறவர்கள் நிறைய. புள்ளி, கொம்பு, கால், சுழி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எண்ணிப் பழகினால், ஆங்கில ஹின்ட்டைவிடத் தமிழ் ஹின்ட் அதிகம் காட்டிக்கொடுக்கும். எங்கே மெய்யெழுத்து வருகிறது என்றுகூட ஊகிக்கலாம்.

இப்போது கூகுள். கேள்வி விழுந்து பதிலுக்கான நேரம் முடிவதற்குள் தேடி எடுத்துவிடலாம், எந்த பாட் கண்ணிலும் படாது. அதனால்தான் இது முழுக்க ஆடுகிறவர்களின் நேர்மையில் நிற்கிற விளையாட்டு. தேடி எடுத்த பதிலைப் போடாதீர்கள். புள்ளிக்குப் பண மதிப்பு எதுவும் இல்லாத இடத்தில், தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டி வாங்குகிற புள்ளி யாருக்கு எதற்கு? சுற்று முடிந்த பிறகு தேடிப் படியுங்கள், அதுதான் தங்கும். இதைவிட மோசமானது, கேள்வியையும் பதிலையும் சேமித்து வைத்துக்கொண்டு தானாகப் பதில் போடும் ஸ்கிரிப்ட். அதற்கு நிரந்தரத் தடை விதிக்கிற அறைகள்தான் உருப்படும் என்பது என் கருத்து.

ஆனால் யாரையாவது பார்த்து "கூகுள் பண்றீங்க" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிடாதீர்கள். வேகமாகப் பதில் சொல்கிறவர்களில் பெரும்பாலானவர்கள் அந்தக் கேள்வியை முன்பே பார்த்தவர்கள். கேள்விக் கோப்புகள் ஒரு சேனலிலிருந்து இன்னொன்றுக்குப் போய்க்கொண்டே இருக்கும். பல வருடமாக ஆடுகிறவருக்கு முதல் மூன்று சொல்லைப் பார்த்தாலே பதில் விரலில் வந்துவிடும். அது ஏமாற்று இல்லை. சந்தேகம் வலுவாக இருந்தால், எந்தக் கேள்வி, எத்தனை மணிக்கு என்று குறித்து ஆபரேட்டரிடம் தனியாகச் சொல்லுங்கள். எளிய கேள்விக்கும் கடினமான கேள்விக்கும் ஒரே அளவு நேரம் எடுத்துக்கொண்டு, ஒரு தடவைகூடத் தவறாக அடிக்காத ஆளை ஆபரேட்டர்களே கவனித்துக்கொள்வார்கள்.

பழைய ஆட்டக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. புதிதாக இரண்டு பேர் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், மனப்பாடமாகத் தெரிந்த கேள்விகளில் முதல் ஹின்ட் வரும்வரை காத்திருங்கள். இதை ஒப்புக்கொள்ளாதவர்களும் உண்டு, விட்டுக்கொடுத்து ஆடினால் அது ஆட்டமா என்பார்கள். போட்டி என்று அறிவித்து நடக்கும் சுற்றில் அது சரி. சாதாரண நாளில், ஒருவரே இருபது கேள்விக்குத் தொடர்ந்து பதில் சொன்னால் மற்றவர்கள் சத்தமில்லாமல் கிளம்பிவிடுவார்கள். ஆள் இல்லாத அறையில் முதலிடம் வாங்கி என்ன செய்வது?

டெலிகிராம் கதை கொஞ்சம் வேறு. வாக்கெடுப்பில் க்விஸ் முறை அங்கே 2020 ஜனவரியில் வந்தது. பதில்களைத் தட்டித் தேர்ந்தெடுக்க வேண்டும், தட்டிய பிறகு மாற்ற முடியாது. இங்கே டைப் வேகம் கணக்கில் இல்லை. நேரம் முடிவதற்குள் "மூணாவதுதானே?" என்று குரூப்பில் எழுதுவதுதான் இங்கே பெரிய தப்பு. கேள்வியைப் பின்னால் திறந்து பார்ப்பவரின் ஆட்டத்தையும் அது கெடுத்துவிடும்.

இன்னொன்றை ரொம்ப அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். பெயர் தெரியும்படி வைத்த க்விஸ்ஸில், யார் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று எல்லாரும் பார்க்கலாம். டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறவர்களின் குரூப்பில் வீட்டில் முதல் தலைமுறையாகப் படிக்கிறவர்கள், வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவர்கள், கைக்குழந்தையை வைத்துக்கொண்டு படிக்கிறவர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். தவறான பதிலைத் தட்டியவரின் பெயரைச் சொல்லி "இதுகூடத் தெரியாதா" என்று ஒரு சிரிப்பு ஸ்டிக்கர் போட்டால், அவர் அதற்குப் பிறகு எதையும் தட்ட மாட்டார். பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விடுவார். தெரியாததைத் தெரிந்துகொள்ள வந்த இடத்தில் ஒருவரை வாயடைக்க வைப்பதைவிடப் பெரிய அநாகரிகம் இந்த விளையாட்டில் இல்லை. உங்களுக்கு விளக்கம் தெரிந்தால் பெயர் குறிப்பிடாமல் ஒரு வரியில் விளக்கத்தை எழுதுங்கள், தவறாகத் தட்டிய எல்லாருக்கும் அது போய்ச் சேரும்.

தனிச் செய்தி விஷயத்தில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நன்றாக ஆடினார் என்பதற்காக முன்பின் தெரியாதவருக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, தனியாக மெசேஜ் அனுப்பாதீர்கள். பாராட்டை அறையிலேயே சொல்லலாம். வயது, ஊர், போன் நம்பர் கேட்காதீர்கள், பள்ளிப் பிள்ளைகளும் இந்த அறைகளில் இருப்பார்கள்.

பதிலே தவறாக இருந்தால்? அடிக்கடி நடக்கும். கேள்விக் கோப்பு பழசாகிவிடும், உலகம் மாறிக்கொண்டே இருக்கும். கஜகஸ்தானின் தலைநகரம் அஸ்தானா. 2019 மார்ச்சில் நூர்சுல்தான் ஆனது, 2022 செப்டம்பரில் மறுபடி அஸ்தானா. நடுவில் எழுதப்பட்ட கோப்பில் இன்னும் நூர்சுல்தான்தான் இருக்கும். சனிக் கோளின் துணைக்கோள்கள் 2019 கடைசியில் 82, 2025 மார்ச்சில் 274. தமிழ்நாட்டின் மாவட்டங்கள் 2019 தொடக்கத்தில் 32, இப்போது 38. இலங்கையின் தலைநகரம் என்றால் கொழும்பு என்று ஒரு கோப்பு சொல்லும், ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டை என்று இன்னொன்று சொல்லும். இந்த மாதிரிக் கேள்விகளில் கோப்பு எந்தக் காலத்தது என்று ஊகித்து, அது எதிர்பார்க்கும் பதிலை முதலில் போட்டுப் புள்ளியை வாங்கிக்கொள்வது நியாயமான ஆட்டம்தான். வாதத்தைச் சுற்று முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டத்தை நிறுத்திச் சனிக் கோளைப் பற்றி விவாதிப்பது மற்ற எல்லாருடைய நேரத்தையும் எடுத்துக்கொள்வது.

தவறு எப்படிப் பரவுகிறது என்பதற்கு ஒரு நல்ல உதாரணம். அமெரிக்காவில் ஃப்ரெட் வொர்த் என்பவர் தான் தொகுத்த தகவல் களஞ்சியத்தில், தொலைக்காட்சித் துப்பறிவாளர் கொலம்போவின் முதல் பெயர் பிலிப் என்று வேண்டுமென்றே ஒரு பொய்யைப் புதைத்து வைத்தார், யாராவது காப்பி அடித்தால் பிடிப்பதற்காக. ட்ரிவியல் பர்சூட் விளையாட்டு அட்டையில் அதே பிலிப் வந்தது. 1984-ல் வழக்குப் போட்டார், தோற்றார். தகவல்களுக்குப் பதிப்புரிமை கிடையாது என்பது நீதிமன்றத்தின் நிலை. ஒரு கேள்வித் தொகுப்பில் இருக்கிறது என்பதே ஆதாரம் ஆகாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

புள்ளி எடுக்கும் வழிகளில் சொல்ல மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். கைபேசியில் ஆட்டோகரெக்டை அணைத்துவிடுங்கள். பதிலை மட்டும் அடியுங்கள், "இதுதான் என்று நினைக்கிறேன்" என்றெல்லாம் சேர்த்தால் முழு வரியையும் ஒப்பிடும் பாட் அதைத் தள்ளிவிடும். பெயர் கேட்டால் எல்லாரும் அறிந்த குறுகிய வடிவத்தை முதலில் போடுங்கள். கேள்வியின் கடைசிப் பகுதியை முதலில் படியுங்கள், ஆண்டா, ஆளா, ஊரா என்பது அங்கேதான் இருக்கும். தோற்ற கேள்விகளை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். கோப்பு சுழன்று திரும்ப வரும்போது அந்த நோட்டுதான் கைகொடுக்கும்.

கொஞ்ச நாள் ஆன பிறகு, கேள்வி எழுதித் தரும்படி ஆபரேட்டர் உங்களிடமே கேட்கலாம். அப்போது சில விஷயங்களைக் கவனியுங்கள். ஐஆர்சியில் ஒரு வரிக்கு மொத்தம் 512 பைட்தான். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் எடுக்கும், சேனல் பெயர் போன்றவையும் அதிலேயே அடங்க வேண்டும். அதனால் தமிழ்க் கேள்வி சுமார் 150 குறியீட்டைத் தாண்டினால் வால் அறுந்துபோகும். டெலிகிராமில் பாட் வழியாக வைக்கும் க்விஸ் கேள்விக்கு 300 குறியீடு, விளக்கத்துக்கு 200. அந்த விளக்கப் பெட்டியைக் காலியாக விடாதீர்கள், தவறாகத் தட்டியவர் கற்றுக்கொள்வது அதில்தான். மாறக்கூடிய தகவல் என்றால் எந்த ஆண்டு நிலவரம் என்பதைக் கேள்விக்குள்ளேயே எழுதுங்கள். பதிலுக்கு ஏற்கத்தக்க எல்லா வடிவங்களையும், ஆங்கில எழுத்தில் அடிக்கிறவர்களுக்கான வடிவம் உட்பட, சேர்த்துக் கொடுங்கள். அனுப்புவதற்கு முன் கேள்வியை, விஷயம் தெரிந்த ஒருவரிடம் காட்டி, இதற்கு வேறு பதில் ஏதாவது பொருந்துமா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.